வெள்ள இரவில் ஊமையாகும் கருவிகள்

தஞ்சைச் சீமையில் 1960களில் ஆடுதுறை 27 நெல் பரவிய கதை மூத்த உழவர்களுக்கு நினைவிருக்கும். திருச்சி வானொலி நிலையம் சொல்லிச் சொல்லியே அந்த ரகம் வயல்களுக்குள் வந்தது. ஆகவே மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்று வானொலி பேசியது, உழவர் கேட்டார். இன்று பேச்சு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஆற்றின் நீர்மட்டம், கிணற்று நீரின் உவர்ப்பு, பெய்த மழை ஆகியவற்றை ஆளில்லாத இடத்தில் அளந்து, குறித்து வைத்து, ரேடியோ அலை மூலமாகத் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் சொல்லும் பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. 'டேட்டா லாக்கர்' என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

இவற்றை வாங்குவது பற்றிப் பேச்சு நிறைய நடக்கிறது. எத்தனை நிலையங்கள், எத்தனை கோடி ரூபாய், திறப்பு விழா எப்போது என்பதெல்லாம் செய்தியாகிறது. ஆனால் ஒரு கருவி எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டும், எந்த எண்ணைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்கிற அமைவுகள் மட்டும் கடைசி நாளில், கம்பத்தில் ஏணி சாத்தி நிற்கும் ஒப்பந்தக்காரரின் இளைஞர் ஒருவர் பொறுப்பில் விடப்படுகின்றன. அவர் ஊருக்குத் திரும்பியதும் அந்த அமைவுகளும் அவருடைய மடிக்கணினியிலேயே போய்விடுகின்றன. எண்ணூர், திருவொற்றியூர் பகுதியைப் பொறுத்தவரை இது சாதாரணக் குறை அல்ல.

புகைபோக்கிகளுக்கு நடுவே வயலா?

வடசென்னை என்றாலே துறைமுகம், கன்டெய்னர், சாம்பல் என்று நினைப்பவர்களுக்கு, வேளாண்மைப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயர்கள் வருவது வியப்பாக இருக்கலாம். 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி ஷட்டர்கள் திறக்கப்பட்டால், அந்த நீர் கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. வழியில் சோழவரம், மீஞ்சூர் வட்டாரங்களின் சம்பாப் பயிர் நிற்கிறது. மணலி புதுநகரை ஒட்டிய சடையங்குப்பம் போன்ற தாழ்வான ஊர்கள் இருக்கின்றன. 2015-லும் 2021-லும் 2023-லும் வெள்ளம் எந்த வழியாக வந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்.

வெள்ளம் மட்டுமல்ல. 1960களின் இறுதியில் சென்னையின் தாகம் தீர்க்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகள் உருவாயின. தொடர்ந்து இறைத்ததில் நன்னீர் மட்டம் இறங்க, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது. கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் வரை உவர்ப்பு சென்றிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாசன நீரின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமனைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் கட்டுப்பாடு தேவை என்பது பொதுவான கணக்கு. கடல்நீரில் அது சுமார் 50. எந்த வாரத்தில் எந்தக் கிணறு அந்த எல்லையைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், உழவர் அந்தப் போகத்தை மாற்றிக்கொள்ள முடியும். ஆறு மாதம் கழித்து அறிக்கையில் படித்துப் பயனில்லை. ஆகவே இந்தப் பகுதியின் கருவிகள் நேரத்தில் பேச வேண்டியது வயலுக்கும் வீட்டுக்கும் ஒருசேரத் தேவை.

கருவி எப்படிப் பேசுகிறது

காசிமேட்டு மீனவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கவே தேவையில்லை. அவர்கள் படகுகளில் வைத்திருக்கும் வி.எச்.எப். வயர்லெஸ் கருவியில் 16-ஆம் சேனல் அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இருவர் பேச்சும் யாருக்கும் புரியாது. கருவிகளுக்கும் இதே கதிதான். இருபது கருவிகள் ஒரே அலைவரிசையில் சரியாக மணி அடித்தவுடன் பேசத் தொடங்கினால், தலைமை நிலையத்துக்குக் கிடைப்பது இரைச்சல். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வேண்டும். இந்திய வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் இன்சாட் செயற்கைக்கோள் வழியே புனே தரை நிலையத்துக்குச் செய்தி அனுப்புவது இப்படித்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் மணிக்கு ஒருமுறை தனக்கென்று ஒதுக்கிய சில வினாடிகள் உண்டு, கடிகாரத்தை ஜி.பி.எஸ். சரி செய்து கொடுக்கிறது. தரையில் அமைக்கும் சிறு வலையமைப்புகளில், தலைமை நிலையமே ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. எந்த முறையானாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் இருக்க வேண்டும். பழுதான கருவிக்குப் பதில் புதியதை மாட்டும்போது, அவசரத்தில் அடுத்த நிலையத்தின் எண்ணையே கொடுத்துவிட்டால், ஒரு பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். வல்லூர் அளவு என்று வரைபடத்தில் தெரிவது நாப்பாளையம் அளவாக இருக்கலாம்.

கடிகாரம் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் நீர் ஏறினால் அது வெள்ளமாகவும் இருக்கலாம், வெறும் ஓதமாகவும் இருக்கலாம். சென்னைக் கடற்கரையில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் அதிகமாகப் போனால் ஒரு மீட்டர் அளவே. ஆனால் தாழ்ந்த ஊருக்கு ஒரு மீட்டர் என்பது திண்ணைக்கும் கூரைக்கும் உள்ள வித்தியாசம். மேலே வல்லூரிலும் கீழே எண்ணூரிலும் ஒரே நேரத்து அளவுகளை ஒப்பிட்டால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். ஒரு கருவியின் கடிகாரத்தை இந்திய நேரத்திலும் மற்றதைக் கிரீன்விச் நேரத்திலும் வைத்துவிட்டால் வித்தியாசம் ஐந்தரை மணி. ஓதம் தாழ்விலிருந்து உச்சத்துக்குப் போக ஆறேகால் மணி. அதாவது அந்தப் பிழை, நீர் ஏறும் நேரத்தை ஏறத்தாழ இறங்கும் நேரமாகவே காட்டிவிடும்! கருவியும் நல்லது, ரேடியோவும் நல்லது, முடிவு மட்டும் தலைகீழ்.

அலைவரிசைத் தேர்விலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் பல கருவிகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும்படி அமைந்தவை. அமெரிக்காவில் அது உரிமம் வேண்டாத பகுதி. இந்தியாவிலோ 890 முதல் 915 வரை கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசுவதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே கருவியைப் பேசவிடுவது சட்டப்படி குற்றம்; வேலையும் நடக்காது. இங்கே குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005-ல் 865 முதல் 867 வரை உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. 2021-ல் அது 868 வரை நீட்டப்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள விலைச் சீட்டைப் பார்க்கும் அதிகாரிகள், உள்ளே எந்த நாட்டு அமைவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து வேகம். இப்போது பரவலாக வரும் 'லோரா' வகை ரேடியோக்களில் பேச்சின் வேகத்தை 7-ஆம் படியிலிருந்து 12-ஆம் படி வரை மாற்றி வைக்கலாம். படி ஏற ஏறப் பேச்சு நிதானமாகும். நிதானமானால் வெகுதூரம் கேட்கும். களத்து மேட்டிலிருந்து மறுகரைக்குக் கூப்பிடும்போது சொல்லை இழுத்துச் சொல்வதில்லையா, அதுபோல. ஆனால் ஒவ்வொரு படிக்கும் பேசும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். 7-ஆம் படியில் வினாடியில் பத்திலொரு பங்குக்குள் முடியும் சிறு செய்தி, 12-ஆம் படியில் ஒரு வினாடிக்கும் மேல் பிடிக்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாக் கருவிகளையும் 12-ல் வைப்பவர்கள் உண்டு. சாதாரண நாளில் குறை தெரியாது. வெள்ள நாளில் எல்லாக் கருவிகளும் அடிக்கடி பேச முற்படும்போது ஒன்றின் மேல் ஒன்று விழும். அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை நிதானமாகவும் பேச வேண்டும். இடையில் உயரமான ஓர் அஞ்சல் நிலையம் வைத்து வாங்கிக் கொடுப்பது இன்னும் மேல்.

கன்டெய்னர் சுவரும் கார்த்திகை மழையும்

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எண்ணூர் பகுதிக்கே உரிய தொல்லைகள் வேறு இருக்கின்றன.

ரேடியோ அலை ஓர் ஏரியலிலிருந்து மற்றதற்கு நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் உப்பி, ஒரு சுருட்டு வடிவில் இடம் எடுத்துக்கொள்கிறது. 866 மெகாஹெர்ட்ஸில் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்க்கோட்டுக்குக் கீழே 12 மீட்டருக்குச் சற்று அதிகமான இடம் காலியாக இருந்தால்தான் இணைப்பு திடமாக இருக்கும். ஒரு கன்டெய்னரின் உயரம் 2.6 மீட்டர். ஐந்தை அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். மணலி, திருவொற்றியூர் பக்கம் நேற்றுவரை காலியாகக் கிடந்த மனை இன்று கன்டெய்னர் கிடங்காகிறது. கப்பல் வரும் வாரத்தில் அடுக்கு உயர்கிறது, சரக்குப் போனதும் தாழ்கிறது. கருவியை நிறுவிய நாளில் தெளிவாகக் கேட்ட நிலையம், ஒரு வாரம் பேசி ஒரு வாரம் மௌனம் காத்தால், கருவியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் வழியில் என்ன முளைத்திருக்கிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்து வருவது நல்லது. வரைபடத்தை மேசையில் விரித்துக் கோடு போடுகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏரியல் கேபிளின் இணைப்பு முனையில் ரப்பர் நாடா சுற்றாமல் விட்டால் பச்சை பூத்து, ஈரம் கேபிளுக்குள் இறங்கிவிடும். அப்போது ரேடியோவின் சக்தியில் பெரும் பங்கு ஏரியலுக்குப் போகாமல் வழியிலேயே வீணாகும். சூரிய ஒளிப் பலகையின் மேல் அனல்மின் நிலையச் சாம்பலும் உப்பும் சேர்ந்து படியும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைக்க ஒரு ஆள் போதும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கப்படுவது அரிது.

மின்சக்தி அமைவுதான் வெள்ளக் காலத்தில் உயிர்நாடி. அளப்பதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். அழைப்பு வருமா என்று காத்துக்கொண்டிருக்கும் ரேடியோதான் பேட்டரியை உறிஞ்சும். இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ 75 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வெயிலில்லாமல் நான்கு நாள் கூடத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் சூரியனைப் பார்க்காமல் நான்கு நாள் போவது அதிசயமா? ரேடியோவைத் தூங்கவிட்டு, எட்டு வினாடிக்கு ஒருமுறை ஒரு வினாடி மட்டும் விழிக்க வைத்தால் அதே பேட்டரி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. களத்து ரேடியோ எட்டு வினாடிக்கு ஒருமுறை விழிக்கிறதென்றால், தலைமை நிலையம் தன் அழைப்பை எட்டு வினாடிக்குக் குறையாமல் நீட்ட வேண்டும். தலைமை நிலையத்தில் அது இரண்டு வினாடி என்று விட்டிருந்தால், நாலில் ஒரு அழைப்புக்கே பதில் வரும். 'சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை' என்று ஏரியலை மாற்றுவார்கள், கருவியை மாற்றுவார்கள், செலவுப் பட்டியல் நீளும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண்.

கைப்பேசி இருக்க இது ஏன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களில் அமைத்த தானியங்கி வானிலை நிலையங்கள் கைப்பேசி வலையமைப்பு வழியாகவே செய்தி அனுப்புகின்றன. பயிர் ஆலோசனைக்கு அது போதுமானது, செலவும் குறைவு. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்துபோனதைச் சென்னை மக்கள் மறக்கவில்லை. வெள்ளம் பார்ப்பதற்கென்றே வைத்த கருவி வெள்ளத்தன்று பேசவில்லையென்றால் அதை வைத்ததில் பொருளில்லை. ஆற்றோரக் கருவிகளுக்குக் கைப்பேசி ஒரு வழியாகவும், சொந்த ரேடியோ மறு வழியாகவும் இருக்க வேண்டும். ஒன்று அடைத்தால் மற்றது தானே திறக்கும்படி அமைக்க முடியும். அதோடு, இரண்டுமே அடைத்தாலும் கருவி தன் நினைவில் குறித்து வைத்திருப்பதை, இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஒப்பிக்கும்படி செய்ய வேண்டும். கடைசி அளவை மட்டும் கேட்கும் அமைவில், நடுவில் நடந்த வெள்ளத்தின் உச்சம் கணினிக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்த வெள்ளத்துக்குக் கணக்குப் போடுபவர்களுக்கு வேண்டியதே அந்த உச்சம்தான்.

எந்த அளவில் கூப்பிட வேண்டும்?

சாதாரண நாளில் மணிக்கு ஒருமுறை பேசினால் போதும். நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், யாரும் கூப்பிடாமலே கருவி தானாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசத் தொடங்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட அளவு எது? இதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்வது சரியல்ல. எந்த மட்டத்தில் ஆறு கரையை மேவி நாற்றங்காலுக்குள் வருகிறது, எந்த மட்டத்தில் ஊருக்குப் போகும் பாதை முழுகுகிறது என்பது அங்கே பயிர் செய்கிறவருக்கும் முகத்துவாரத்தில் வலை போடுகிறவருக்கும் தெரியும். மணல் அடைத்து முகத்துவாரம் குறுகிய ஆண்டில் அதே நீர் ஊருக்குள் அதிக நேரம் நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு அந்த எண்ணை எழுத வேண்டும். ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

செய்தி போய்ச் சேரும் இடமும் மாற வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை வெளியே ஓட வைத்தது எந்தக் கருவியின் எச்சரிக்கையும் அல்ல, நெடிதான். அளவுகள் நகரத்துத் திரைக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்கிற எண்ணம் அபாயகரமானது. வல்லூர்க் கருவி அழைத்தால் அந்த அழைப்பு நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போகும் அதே நிமிடத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும், குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் போக வேண்டும். எழுத்தாக அல்ல, குரலாக. இருட்டில் மோட்டாரைத் தூக்கி மேட்டில் வைக்கிற உழவர் திரையைத் தடவிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தாள் போதும். நிலைய எண், அலைவரிசை, பேசும் வேகம், விழிக்கும் இடைவெளி, கடிகாரம் எந்த நேரத்தில், எச்சரிக்கை மட்டம், கடவுச்சொல், ஏரியல் எந்தத் திசையில் எத்தனை அடி உயரத்தில் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டு, கடைசியாக மாற்றியவரின் கையொப்பத்துடன் அரசு அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காலம் முடிந்து நிறுவனம் விலகும்போது இந்தத் தாளைப் பெற்றுக்கொள்ளாமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. பாலத்துத் தூணில் கறுப்பு வெள்ளையில் வரைந்த பழைய அளவுகோலையும், அதைப் பார்த்துச் சொல்லும் ஆளையும் கருவி வந்துவிட்டது என்று நீக்கிவிடவும் கூடாது. கருவி சொல்வது சரிதானா என்று பார்க்க வேறு வழி எது?

புரட்டாசியில், பருவமழை தொடங்கும் முன், ஒரு நாள் மாலை தலைமை நிலையத்தின் மின்சாரத்தையும் கைப்பேசி இணைப்பையும் வேண்டுமென்றே துண்டித்து, விடியும்வரை எந்தெந்த நிலையம் பேசுகிறது என்று பார்க்கட்டும். எச்சரிக்கை மட்டத்தைப் பொய்யாகத் தாண்டவைத்து, சடையங்குப்பத்தில் யார் கைப்பேசியாவது மணி அடிக்கிறதா என்றும் பார்க்கட்டும். பேசாத நிலையங்களின் பட்டியலை மறுநாள் காலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால், ஐப்பசி பிறப்பதற்குள் அவற்றைச் சரி செய்யச் சொல்லி ஊர்க்காரர்களே போய் நிற்பார்கள்.